காய்ச்சல் நின்றது; கணக்கு முடியவில்லை

கோவிட் ஒழிந்துவிட்டது என்று பலரும் பேசுகின்றனர். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி, உலக அவசரநிலை முடிவுற்றது என்று அறிவித்தது உண்மைதான். முகக்கவசம் கழன்றது, சந்தையும் கடைத்தெருவும் களைகட்டின, கோயில் திருவிழாக்கள் பழையபடி நடக்கின்றன. இதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அவசரநிலை முடிந்தது என்று சொன்ன அதே ஸ்தாபனம், நோயின் கேடு முடிந்துவிடவில்லை என்றும் அன்றே சொல்லிற்று. முதற் செய்தி தோட்டத்து நிர்வாகங்களின் காதில் நன்றாக விழுந்தது. இரண்டாவது செய்தி விழவில்லை. ஆகவே அதை நாம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் சொல்ல வருவது ஒன்றே. காய்ச்சலும் இருமலும் போன பின்னும் சிலருக்கு மறதியும், புத்தி மந்தமும், மனச்சோர்வும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் தங்குகின்றன. இது வியாதி. சோம்பல் என்றோ, குடி என்றோ, பேய் என்றோ இதற்குப் பெயர் சூட்டக் கூடாது. வியாதிக்கு எந்தப் பதிவேடு உண்டோ அதிலே இது பதியப்பட வேண்டும். வியாதிக்கு எந்த உரிமை உண்டோ அந்த உரிமை இதற்கும் கிடைக்க வேண்டும்.

வெட்டுக்காட்டில் இது எப்படித் தோன்றும் என்பதை எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டுகிறவருக்குக் கையும் கண்ணும் புத்தியும் ஒருசேர ஓட வேண்டும். உளி ஓர் அரிசியளவு ஆழமாய் இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் இல்லை. இருபது ஆண்டு வெட்டிய கை, ஒரு நாள் எந்த நிரையில் விட்டோம் என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. வெட்டிய மரத்திடமே திரும்பப் போகிறார். மங்கைத் திருப்பி வைக்க மறக்கிறார். பத்து மணிக்குள் உடம்பு துவண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். கண்டது யார்? கங்காணி. கங்காணி என்ன சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆபீசில் இருக்கும் கிராணிமாருக்கும் இது விலக்கன்று. செக்ரோலில் பெயருக்கு நேரே நாள் போடுவதும், பாலின் எடையையும் அதிலுள்ள ரப்பர்ச் சத்தையும் கணக்கிட்டுச் சம்பளம் சேர்ப்பதும் மூளை வேலை. ஒரு வரிசையைக் கூட்டி முடிப்பதற்குள் முதலில் கூட்டியது மறந்துபோகிறது. பேசிக்கொண்டிருக்கையில் தெரிந்த சொல்லே நாவுக்கு வருவதில்லை. டெலிபோனில் கேட்ட செய்தி கீழே வைத்ததும் மறைகிறது. வெட்டுகிறவர் கையால் படுகிற பாட்டை, எழுதுகிறவர் தலையால் படுகிறார். வேறுபாடு அவ்வளவே.

இது நம் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2021 அக்டோபரில் உலகச் சுகாதார ஸ்தாபனம் இந்த நிலைக்கு இலக்கணமே வகுத்துவிட்டது. நோய் கண்டு மூன்று மாதமாகியும் தொல்லைகள் இருந்து, அவை இரண்டு மாதமாவது நீடித்து, வேறு வியாதியால் வந்ததென்று காட்ட முடியாமற் போனால், அது கோவிடுக்குப் பிந்திய நோய்நிலை. அசதி, மூச்சிரைப்பு, அறிவுத் தடுமாற்றம் ஆகிய மூன்றும் அதன் பொதுவான குறிகள். மூன்றாவதைத்தான் தலைக்குள் பனிமூட்டம் இறங்கியதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் சொல்கின்றனர்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், நோய் கண்ட பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் வைத்தியப் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். மற்ற சுவாச நோய் கண்டவர்களோடு இவர்களை ஒப்பிட்டனர். மனக்கவலையும் சோர்வும் முதலில் இவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஆனால் இரண்டு மாதத்துக்குள் மற்றவர் அளவுக்கே இறங்கிவிட்டன. மறதியும் புத்தி மூட்டமுமோ இரண்டு ஆண்டு கழித்தும் கூடுதலாகவே இருந்தன. இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. மனம் இருண்டவர் இருளிலேயே கிடப்பார் என்பதில்லை, பெரும்பாலோர் மீள்கின்றனர். ஆனால் புத்தி மந்தம் பட்டவருக்கு, ‘ஒரு வாரம் ஓய்வெடு, சரியாய்ப் போகும்’ என்ற பேச்சுப் போதாது.

அதே நாட்டில் 785 பேருக்கு மூளையைப் படம் பிடித்து, சில ஆண்டு இடைவெளியில் மறுபடியும் படம் பிடித்துப் பார்த்தனர். அவர்களில் 401 பேர் இடையிலே கோவிட் கண்டவர்கள். வாசனையை அறிவதோடு தொடர்புள்ள பகுதிகளில் அவர்கள் மூளை, நோய் காணாதவர்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. இது 2022 மார்ச்சில் வெளிவந்தது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் ஏறக்குறைய 1,13,000 பேர் நினைவாற்றல் சோதனைகளைச் செய்தனர். நோய் வந்து முற்றும் நீங்கியவர்களுக்குப் புத்திக் கூர்மையின் அளவுகோலில் சுமார் 3 புள்ளி குறைவு. தொல்லை நீங்காதவர்களுக்குச் சுமார் 6 புள்ளி. தீவிரக் கவனிப்புப் பிரிவில் கிடந்து பிழைத்தவர்களுக்குச் சுமார் 9 புள்ளி. மூன்று புள்ளி என்பது அன்றாட வாழ்வில் பலருக்குத் தெரியவே தெரியாது. ஆறும் ஒன்பதும் அப்படியல்ல.

ஏன் இப்படி ஆகிறது? நோயை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தி, நோய் போன பின்னும் அடங்காமல் அழற்சியை உண்டாக்குகிறது என்பர் சில வைத்தியர். நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன என்பர் சிலர். கிருமியின் மிச்சம் உடம்பில் பதுங்கியிருக்கிறது என்பர் வேறு சிலர். ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு மற்றொன்றுமாக இருக்கவும் கூடும். இதை ஒரே மூச்சில் தீர்க்கும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. ஆகவே ‘மூளைக்கு டானிக்’ என்று பெட்டியோடு வந்து விற்பவனிடம் சம்பளப் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நோய் போயும் அதன் தழும்பு மூளையில் நிற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1998 முதல் 1999 வரை நிப்பா காய்ச்சல் இங்கே பரவியதை முப்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 265 பேரைப் பிடித்தது. 105 பேரைக் கொன்றது. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் சுடுகாடு போலாயிற்று. பிழைத்தவர்களிற் சிலருக்கு நரம்புக் குறைகள் தங்கின. சிலருக்கு மாதங்கள் கழித்தும், ஆண்டுகள் கழித்தும் மூளைக் காய்ச்சல் திரும்பி வந்தது. கோவிட் அவ்வளவு கொடிதாக மூளையைத் தாக்குவதன்று. இரண்டையும் ஒன்றாக்கி யாரையும் பயமுறுத்த நமக்கு விருப்பமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிய நாளே நோய் முடிந்த நாள் என்று கணக்கை மூடுவது தவறு என்ற பாடத்தை நாம் அப்போதே படித்துவிட்டோம்.

இந்தக் கேடு எல்லாருக்கும் பொதுவென்றால், தொழிலாளர் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நோய் பொதுவாக இருக்கலாம்; நோயைத் தாங்கும் வசதி பொதுவாக இல்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மாதச் சம்பளக்காரர் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தனர். பால்மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்ட முடியுமா? லயத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். தனிமையில் இரு என்றார்கள், தனியறை எங்கே? 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்க் கையுறைத் தொழிலாளரின் விடுதிகளில் நோய் காட்டுத்தீயாய்ப் பரவி ஆயிரக்கணக்கானோர் படுத்தனர். நோயைத் தடுக்க உலகத்துக்குக் கையுறை செய்து கொடுத்தவர்களே அந்த நோயில் விழுந்தனர். 2021 ஆகஸ்டில் நாட்டில் ஒரு நாளைக்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது; அந்தச் சுமையில் பெரும்பங்கு நம் சிலாங்கூரின் தலையில் விழுந்தது. மலேசியாவில் பதிவானவர் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல். மாண்டவர் 37,000-க்கு மேல். இத்தனை பேரில் மிகச் சிறு பங்கினருக்குத் தொல்லை தங்கியிருந்தாலும், கூட்டிப் பாருங்கள், அது பெருங்கூட்டம்.

அதிலும் நம் பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். இந்தப் பின்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாகக் காண்கிறது என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வெட்டுக்காட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு ஓய்வு ஏது? அடுப்பு, துணி, பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருந்து. அடுப்பில் வைத்ததை மறந்து தீய்த்துவிட்டால் புருஷனே, ‘உனக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா?’ என்கிறான். நோய் பாதி கொல்ல, அந்தச் சொல் மீதியைக் கொல்கிறது.

அந்தச் சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அன்று முதல் நம்மவர் நாவில் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. நம் ரவாங்குக்குப் பக்கத்துச் சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்பு எழுந்தது. நோய் குணமான பின்னும் ஊரார் முகஞ்சுளிப்புக்கு அஞ்சி வீடு திரும்பாதவர் எத்தனையோ பேர். அதே சுங்கை பூலோ ஆஸ்பத்திரிதான் 2020-இல் கோவிட் நோயாளிகளை ஏற்றுக் காத்தது. ஆஸ்பத்திரிகள் மாறிவிட்டன, நம் நாக்குத்தான் மாறவில்லை. மறதியும் மனச்சோர்வும் பட்ட தோழரைப் பார்த்துக் கேலி பேசுகிற ஒவ்வொருவரும், நிர்வாகம் எழுதப்போகும் எச்சரிக்கைக் கடிதத்துக்கு மை ஊற்றிக் கொடுக்கிறார் என்பதை உணர வேண்டும்.

இனி உரிமைகளைப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, எம்.சி. என்று நாம் சொல்லும் சம்பளத்தோடு கூடிய வைத்திய விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு, முன்னதிலிருந்து கழிக்கப்படாது. சட்டம் இதில் எந்த வியாதி என்று பேதம் பார்க்கவில்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்தால் புத்தி மூட்டத்துக்கும் எம்.சி. செல்லும்.

அடுத்தது சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்களே, அது தர்மக் காசன்று, நம் காசு. வேலையினால் நோய் தொற்றியது என்று காட்ட முடிந்தவர்கள் தொழில் விபத்துத் திட்டத்தில் விண்ணப்பிக்க இடமுண்டு. நல்ல உடம்புள்ள தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றிலொரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாதபடி நிரந்தரமாக முடங்கியவர்களுக்கு இயலாமைப் பென்ஷன் உண்டு. சந்தாக் கணக்கும் வயது வரம்பும் பார்த்து, வைத்தியக் குழு தீர்மானிக்கும். இடைநிலையில் இருப்பவர்களை மறுபடி வேலைக்குப் பழக்கும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் மறுவாழ்வு நிலையமும் வைத்திருக்கிறது. நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசிய, இந்திய நாட்டுத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் தொழில் விபத்துத் திட்டமும், 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் உண்டு. அவர்களுக்குப் பாஷை தெரியாது என்பதற்காக அவர்கள் உரிமை சாகக் கூடாது. தெரிந்தவர் சொல்லிக் கொடுங்கள்.

வேலையை விட்டே நீக்கிவிட்டால்? 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். அறுபத்தோராம் நாள் வந்து சங்க ஆபீசின் வாசலில் அழுதால் சங்கம் என்ன செய்ய முடியும்? மறதி நோய் உள்ளவருக்கு நாள் கணக்கும் மறக்கும். ஆகவே வீட்டார் அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, சட்டத்துக்கும் லயத்துக்கும் இடையே தூரமும் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க நம் சங்கம் நான்கு கோரிக்கைகளை நிர்வாகங்களின் முன் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, நோய்க்குப் பின் வேலைத்திறன் குறைந்தவருக்கு, மரத்துக்குக் காயம், பால் குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுக்குமுன் வைத்தியச் சோதனை செய்ய வேண்டும். இரண்டாவது, வைத்தியர் சொல்லும் காலம் வரை இலேசான வேலை கொடுத்து, அடிப்படைச் சம்பளம் குறையாமல் பார்க்க வேண்டும். களைக்கொல்லி மருந்து கலக்குவது போன்ற அளவு தவறினால் ஆபத்தான வேலையில் அவரை விடவே கூடாது. மூன்றாவது, முழு வேலைக்குப் படிப்படியாகத் திரும்ப விட வேண்டும். முதல் நாளே முழு வெட்டையும் தலையில் கட்டினால் பலர் மறுபடி விழுந்துவிடுகின்றனர். நான்காவது, நினைவுச் சோதனையை அவரவர் தாய்மொழியில் நடத்த வேண்டும். தமிழ்ப்பள்ளியில் மட்டும் படித்தவரிடம், அல்லது பள்ளியே காணாத மூதாட்டியிடம், தெரியாத பாஷையில் கேள்வி கேட்டு மார்க்குப் போட்டால் அந்தச் சோதனை அளப்பது மூளையையா, மொழியையா?

துரைமார் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘கண்ணுக்குத் தெரியாத நோயை எப்படி நம்புவது? நாளைக்கு எல்லாரும் மறதி என்று சொன்னால் பால் யார் எடுப்பது?’ இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஏமாற்றுகிறவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருவர் இருப்பர். ஆனால் முதுகு வலியும் கண்ணுக்குத் தெரியாது, தலைவலியும் தெரியாது, அவற்றுக்கு வைத்தியர் சொல்லை ஏற்கிறார்களே! இதற்கும் வைத்தியர் சொல்லையே கேட்கட்டும். இருபது ஆண்டு ஒழுங்காய் வெட்டியவர் திடீரென்று மரத்தைக் காயப்படுத்துகிறார் என்றால், அவர் பழைய செக்ரோலே அவருக்குச் சாட்சி. மேலும், நோயாளியை விரட்டி மரத்தைக் கெடுப்பதைவிட, அவரைத் தேற்றி மரத்தையும் கையையும் காப்பது நிர்வாகத்துக்கும் லாபம்தான். பழகிய கையை ஒரு மாதத்தில் உண்டாக்கிவிட முடியாது.

இங்கே கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கையில் பேனா இருக்கிறது. வராத தொழிலாளிக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று ஒரே கோடு இழுப்பதற்கும், ‘நோய், கிளினிக் போனார்’ என்று தேதியோடு எழுதுவதற்கும் ஆகும் நேரம் அரை நிமிஷம். நாளைக்குச் சொக்சோ வைத்தியக் குழுவின் முன்னும், தொழில் நீதிமன்றத்திலும் அந்த அரை நிமிஷம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

தொழிலாளத் தோழர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. நோய் கண்ட தேதி, கிளினிக் சீட்டு, தனிமைப்படுத்தல் கடிதம், மைசெஜாத்ரா பதிவு, எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, ‘உடம்பு சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘கோவிடுக்குப் பிறகு இன்னின்னது மறக்கிறது, இத்தனை நாளாக’ என்று பிட்டுப் பிட்டுச் சொல்லுங்கள். வீட்டார் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எல்லா மறதியும் கோவிட் ஆகிவிடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, தைராய்டு இவையும் புத்தியை மந்தமாக்கும். இவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுங்கள். மறக்கக் கூடியதை எழுதி வையுங்கள். சம்சு போத்தலில் தூக்கத்தைத் தேடாதீர்கள். அது மூட்டத்தின் மேல் இன்னொரு மூட்டம்.

மனம் மிக இருண்டு, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுந்தால், அதை ஒளிக்காதீர்கள். நெருங்கியவரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசலாம். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் நிலையத்தின் 03-76272929 என்ற எண்ணிலும் எந்நேரமும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய பழைய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. ஆகவே போலீசுக்கு அஞ்சி வாய்மூடி இருக்க வேண்டிய காலம் போய்விட்டது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமையைக் கேட்டார்கள். கூடவே முறையான வைத்திய வசதியையும் கேட்டார்கள். மானமும் ஆரோக்கியமும் ஒன்றாகவே கேட்கப்பட்டன. இன்று நம் ரவாங் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் நாம் அதே இரண்டையும் மறுபடி ஒன்றாகக் கேட்கிறோம். நோயுற்றவனைச் சோம்பேறி என்னாதே. நோயை நோய் என்று எழுது. இதற்குத் துரைமாரின் பெருந்தன்மை தேவையில்லை. நம் ஒற்றுமை போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். உங்கள் லயத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் தோழரைக் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்!